அப்பாவுக்கு முதல் ஸ்மார்ட்போன்: சிம் முதலா, போன் முதலா?

கரிசல்காடு:
அப்பாவுக்கு வயசு 67. இப்ப வரைக்கும் பட்டன் போன், பி.எஸ்.என்.எல். 2ஜி சிம், அதுவும் பழைய பெரிய சைஸ் சிம். அந்த நம்பர்தான் பேங்க், ஆதார், கேஸ், ரேஷன் கார்டு எல்லாத்துலயும் இருக்கு. சங்கரன்கோவில்ல இருந்து 9 கிலோமீட்டர் உள்ளே கிராமம். வீட்டுல வைஃபை கிடையாது. தேவை மூணுதான்: வாட்ஸ்அப் வீடியோ கால், யூடியூப்ல பட்டிமன்றம், கடையில ஸ்கேன் பண்ணிப் பணம் கட்டுறது. பட்ஜெட் 12,000, மீறினா 13. எந்த போன், எந்த பிளான்னு சொல்லுங்க.

அலைவரிசை:
போனைக் கடைசியில் பார்க்கலாம். முதலில் அந்த வீட்டுக்குள் எந்த நிறுவனத்தின் சிக்னல் நிற்கிறது என்று பாருங்கள். வீதியில் நான்கு கோடு காட்டும், அடுப்படியில் ஒன்றும் இருக்காது. கோடுகளை நம்பவே வேண்டாம், போனுக்குப் போன் அது மாறும். ஜியோ, ஏர்டெல், வி.ஐ. சிம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களின் ஆண்ட்ராய்டு போனை வாங்கி, அமைப்புகள் > போனைப் பற்றி > சிம் நிலை போய் 'சிக்னல் வலிமை' எண்ணைப் பாருங்கள். மைனஸ் டி.பி.எம். கணக்கில் இருக்கும். 4ஜியில் −95 வரை நன்று. −105 என்றால் ஓடும். −115க்குக் கீழே போனால் வீடியோ கால் திக்கும், சாதாரண அழைப்பே நடுவில் அறுந்துபோகும்.

அப்பா வழக்கமாக உட்காரும் இடம், படுக்கும் இடம் இரண்டிலும் பாருங்கள். இரவு 8 மணி வாக்கில் ஒருமுறை யூடியூப்பும் போட்டுப் பாருங்கள். பகலில் பறக்கும் டவர், ஊரே படம் பார்க்கும் நேரத்தில் படுத்துவிடும். அது சிக்னல் குறைபாடு இல்லை, நெரிசல். எவ்வளவு விலை போட்டு போன் வாங்கினாலும் அதற்கு மருந்து கிடையாது.

குறுக்குக்கேள்வி:
பி.எஸ்.என்.எல்.லையே 4ஜி சிம்மா மாத்திக்கிட்டா போதுமே? நம்பர், கணக்கு எதையும் அசைக்க வேண்டாம், கட்டணமும் குறைவு.

அலைவரிசை:
போதும், அந்த ஊர் டவரில் 4ஜி வந்திருந்தால். உள்நாட்டுத் தொழில்நுட்பத்தில் அமைத்த பி.எஸ்.என்.எல். 4ஜியை 2025 செப்டம்பரில் முறையாகத் தொடங்கிவைத்தார்கள். ஆனால் ஒவ்வொரு கிராமத்திலும் எப்படி என்பதை அங்கேயே பார்த்தால்தான் உண்டு. இன்னொன்று: அவர்களின் 4ஜி பெரும்பாலும் 700 மெகாஹெர்ட்ஸ் (பேண்ட் 28), 2100 (பேண்ட் 1) அலைவரிசைகளில் ஓடுகிறது. சுவர் தாண்டி உள்ளே வருவது 700 தான். வாங்கப்போகும் போனின் விவரப் பட்டியலில் 4ஜி வரிசையில் 'பி28' இருக்கிறதா என்று பாருங்கள். 5ஜி வரிசையில் வரும் 'என்28' வேறு, அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது இருந்து இது இல்லாத போன்களும் உண்டு.

ஜியோவுக்கு 2ஜி, 3ஜி அறவே கிடையாது. பேசுவதே 4ஜி வழியாகத்தான் (வோல்ட்டி). ஸ்மார்ட்போன் பழுதாகி இரண்டு நாள் கடையில் கிடந்தால் ஜியோ சிம்மைப் பழைய 2ஜி பட்டன் போனில் போட்டுப் பேச முடியாது. மற்ற மூன்றிலும் பேசலாம். வயதானவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

தாழம்பூ:
எதை முடிவு பண்ணினாலும் வரிசை முக்கியம். நிறைய பேர் போன் வாங்குற அன்னைக்கே சிம் மாத்தி, அன்னைக்கே யு.பி.ஐ.யும் போடப் பார்ப்பாங்க. மூணும் ஒண்ணோட ஒண்ணு முட்டும்.

அதே நிறுவனத்துலயே சிம்மை 4ஜிக்கு மாத்தினா, புது சிம் உயிர் வந்த நேரத்துல இருந்து 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது, போகாது. சிம்மைத் திருடி ஓ.டி.பி. வாங்குறவங்களைத் தடுக்க தொலைத்தொடர்புத் துறை போட்ட பூட்டு இது. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். நீங்க வீட்டுல உக்காந்து "ஓ.டி.பி. வரலையே"ன்னு பத்து தடவை அனுப்பச் சொல்லி பேங்க் கணக்கையே தற்காலிகமா முடக்கிக்குவீங்க. அந்த ஒரு நாள் வாட்ஸ்அப்பும் வேண்டாம், யு.பி.ஐ.யும் வேண்டாம்.

வேற நிறுவனத்துக்கு மாறுறதா இருந்தா: பழைய சிம்ல இருந்து ஆங்கிலப் பெரிய எழுத்துல போர்ட்னு அடிச்சு, ஒரு இடைவெளி விட்டு 10 இலக்க நம்பரை அடிச்சு 1900க்கு அனுப்பணும். 8 எழுத்து கொண்ட ஒரு குறியீடு வரும், அதுக்கு ஆயுள் 4 நாள். அதுக்குள்ள புது நிறுவனத்தோட கடைக்குப் போயிடணும். தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறினா 3 வேலை நாள். இப்ப இருக்கிற நிறுவனத்துல 90 நாள் ஆகியிருக்கணும். மாறுற அன்னைக்குப் பழைய சிம் திடீர்னு செத்துப்போகும், அப்ப புது சிம்மைப் போட்டா சரி. அந்தச் சில மணி நேரத்துல பேங்க் வேலை எதுவும் வெச்சுக்காதீங்க.

மின்மினி72:
மேல சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கோங்க. சிம் தொலைஞ்சோ வேலை செய்யாமலோ டூப்ளிகேட் வாங்கியிருந்தா 7 நாளைக்கு அந்தக் குறியீடே கொடுக்க மாட்டாங்க. 2024 ஜூலை 1ல இருந்து இந்த விதி.

பழைய சிம்மைக் கத்தரியால நானோ சைஸுக்கு வெட்டித் தர்றேன்னு கடையில சொன்னா விடாதீங்க. பழைய சிம் கொஞ்சம் தடிமன். வெட்டினது டிரேயில சிக்கி, இழுக்கும்போது உள்ள இருக்கிற பின் வளைஞ்சிடும். அதுவும் 2ஜி சிம்னா வெட்டியும் 4ஜி வராது.

கல்லாப்பெட்டி:
சிம் கடைக்கு அப்பாவைக் கூட்டிட்டுப் போகும்போது கூடவே நில்லுங்க தம்பி. 2024ல இருந்து காகிதம் கிடையாது, ஆதார் கைரேகையோ போட்டோவோதான். "ரேகை விழலை, இன்னொரு தடவை வைங்க பெரியவரே"ன்னு ரெண்டு தடவை வாங்கி, அவர் பேர்ல இன்னொரு சிம்மை எடுத்து வித்துடுற ஆட்கள் இருக்காங்க. எல்லாரும் அப்படி இல்லை. வயசானவங்க, வயல்ல வேலை பார்த்தவங்க ரேகை நிஜமாவே தேய்ஞ்சுதான் இருக்கும். ரெண்டாவது தடவை வெக்கிறதுக்கு முன்னாடி ஸ்கிரீன்ல முதல் தடவை தோல்வின்னு வந்துச்சான்னு எட்டிப் பாத்துடுங்க. ஒரு வாரம் கழிச்சு தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி தளத்துல அவர் நம்பரைப் போட்டு ஓ.டி.பி. அடிச்சா, அவர் பேர்ல எத்தனை சிம் இருக்குன்னு வரும். தெரியாத நம்பர் இருந்தா அங்கேயே 'என்னுடையது அல்ல'ன்னு குறிச்சுடலாம். ஒரு ஆளுக்கு 9 சிம் வரைக்கும் அனுமதி உண்டு, அதனால நாமா பார்க்காம வெளியே தெரியாது.

கரிசல்காடு:
அருமை. ஏர்டெல், ஜியோ ரெண்டும் வீட்டுக்குள்ள −100 பக்கம் காட்டுது. பி.எஸ்.என்.எல். வாசல்ல மட்டும். அப்ப மாறித்தான் ஆகணும். இனி பிளான்?

குறுக்குக்கேள்வி:
மாசம் 350 ரூபா அழுறதுக்கு, பேச மட்டும்னு இருக்கிற பிளானைப் போட்டுட்டு மேல கொஞ்சம் டேட்டா வாங்கிக்கலாமே? டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) உத்தரவு போட்டு எல்லாரும் கொண்டுவந்தாங்களே.

அலைவரிசை:
2024 டிசம்பரில் உத்தரவு வந்தது, 2025 ஜனவரியில் பிளான்களும் வந்தன. ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748. ஏர்டெலில் 84 நாளுக்கு 469, 365 நாளுக்கு 1,849. அழைப்பு அளவில்லாமல், எஸ்.எம்.எஸ். மொத்தமாக 900லிருந்து 3,600 வரை. அப்போது வந்த விலை இது, ரீசார்ஜ் செய்யும் நாளில் அந்தந்த நிறுவனத்தின் செயலியில் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வைஃபை இல்லாத வீட்டில், வீடியோ காலும் யூடியூப்பும் வேண்டும் என்று கேட்கிறவருக்கு இது பொருந்தாது. பட்டன் போனிலேயே இருக்கப்போகும் அம்மாவுக்கு, அல்லது வீட்டில் பைபர் இணைப்பு இருப்பவருக்குத்தான் இது லாபம்.

கணக்கு இப்படி. யூடியூப் 360பி தரத்தில் மணிக்கு ஏறக்குறைய 300 எம்.பி., 480பியில் 500 எம்.பி., 720பியில் ஒரு ஜி.பி.யைத் தாண்டும். 6.7 அங்குலத் திரையில் பட்டிமன்றத்துக்கு 480 தாராளம், பேச்சாளரின் மீசை தெரிந்தால் போதாதா. நாளுக்கு இரண்டு மணி நேரம் யூடியூப், அரை மணி நேரம் வீடியோ கால் என்றாலும் 1.5 ஜி.பி.க்குள் அடங்கும். 2024 ஜூலை உயர்வுக்குப் பின் நாளுக்கு 1.5 ஜி.பி., 28 நாள் என்பது ஜியோவில் 299, ஏர்டெலில் 349 என்று ஆனது.

28 நாள் பிளானை மாதப் பிளான் என்று எண்ணாதீர்கள். ஆண்டுக்கு 12 இல்லை, 13 ரீசார்ஜ். 299 என்றால் 3,887 ஆகிறது. 84 நாள் பிளானில் நான்கு ரீசார்ஜ் 336 நாள் ஓடும், ஐந்தாவது ஆண்டுக் கடைசியில்தான் வரும், வயதானவர்களுக்கு மறதிப் பிரச்சினையும் குறையும். ஒவ்வொரு நிறுவனமும் அதே தேதியில் புதுப்பிக்கும் ஒரு பிளானாவது வைத்திருக்க வேண்டும் என்று 2022லிருந்து விதி இருக்கிறது. செயலியில் ஒரு மூலையில் கிடக்கும், தேடி எடுக்க வேண்டும்.

மின்மினி72:
முதல் மாசம் 84 நாள் போடாதீங்க. 28 நாள் போட்டு, தினம் எவ்வளவு செலவாகுதுன்னு அமைப்புகள்ல பார்த்துட்டு அப்புறம் நீளமானது போடலாம். போர்ட் பண்ணின பிறகு சிக்னல் பிடிக்கலைன்னாலும் 90 நாள் அங்கேயேதான் இருக்கணும்.

யூடியூப் உள்ளேயே மொபைல் நெட்ல வீடியோ தரத்தை 'டேட்டா சேமிப்பு'ன்னு வெச்சிடலாம். பிளே ஸ்டோர்ல செயலிகள் தானா புதுப்பிச்சுக்கிறதை வைஃபைல மட்டும்னு வெச்சா வீட்டுல வைஃபையே இல்லாததால எதுவும் புதுசாகாது, பேங்க் செயலி ஒருநாள் திறக்காமலே போகும். மாசம் ஒருமுறை உங்க ஹாட்ஸ்பாட்ல கையால புதுப்பிச்சு விடுங்க. தினசரி அளவு தீர்ந்தா வேகம் 64 கே.பி.பி.எஸ். ஆயிடும். வாட்ஸ்அப் எழுத்து போகும், கடையில ஸ்கேன் பண்ணினா சுத்திக்கிட்டே நிக்கும். பணம் போச்சா போகலையான்னு தெரியாம நடுவுல நிக்கிறது அப்பத்தான். அப்படி நின்னா பின்னை மறுபடி போடாம, முதல்ல வரலாறைத் திறந்து பார்க்கச் சொல்லிக் குடுங்க.

கரிசல்காடு:
5ஜி போன் தேவையா?

கல்லாப்பெட்டி:
தேவையில்லை. 8,000 ரூபா 4ஜி போனே போதும், மிச்சத்தை டேட்டாவுக்குப் போடுங்க.

அலைவரிசை:
அண்ணாச்சி சொல்வதில் பாதி சரி. 5ஜி வேகம் அவருக்குத் தேவையில்லை, அளவில்லா 5ஜி டேட்டாவும் ஜியோவில் நாளுக்கு 2 ஜி.பி. பிளானிலிருந்துதான் (28 நாள் 349). ஆனால் 8,000 ரூபாய் 4ஜி போனில் வருவது பெரும்பாலும் 64 ஜி.பி., அதுவும் இ.எம்.எம்.சி. என்ற மலிவான, மெதுவான வகைச் சேமிப்பு. சிஸ்டம் 15 முதல் 20 ஜி.பி. எடுத்துவிடும். குடும்பக் குழுவின் காலை வணக்கப் படங்களே ஆறு மாதத்தில் மிச்சத்தைத் தின்னும். நிறைந்த இ.எம்.எம்.சி. மெதுவாகும், வாட்ஸ்அப் திறக்க ஐந்து விநாடி, கால் வந்தால் திரை தாமதமாக எழும். 4 ஜி.பி. ரேம், 128 ஜி.பி. என்பதற்குக் கீழே போகாதீர்கள். 'ரேம் 4+4' என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தால் பின்னால் வரும் 4 ரேமே அல்ல, சேமிப்பிலிருந்து கடன் வாங்கியது.

5ஜியில் ஒரு குழி உண்டு. ஜியோவின் 5ஜி தனித்து இயங்கும் எஸ்.ஏ. வகை. ஏர்டெலின் 5ஜி பெரும்பாலும் 4ஜியின் மேல் ஏறி ஓடும் என்.எஸ்.ஏ. வகை. ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2 சிப் போட்ட போன்கள் (ரெட்மி ஏ4 5ஜி ஒன்று) எஸ்.ஏ. மட்டுமே பிடிக்கும். பெட்டியில் 5ஜி என்றிருக்கும், ஏர்டெல் என்.எஸ்.ஏ. பகுதியில் அது 4ஜி போன்தான். சிம்மை முதலில் முடிவு செய்யச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

தாழம்பூ:
வயசானவங்களுக்குப் போன் எடுக்கும்போது நான் பார்க்கிற முதல் விஷயம், எத்தனை வருஷம் பாதுகாப்புப் புதுப்பிப்பு. கேமரா மெகாபிக்சல் எல்லாம் பிறகு. இவங்க போனை மாத்தவே மாட்டாங்க, ஆறு வருஷம் ஓட்டுவாங்க. பத்தாயிரம் பக்கத்துல சாம்சங் எஃப்06 5ஜி, எம்06 5ஜிக்கு 4 வருஷம் சொல்றாங்க, அதே விலையில பல பிராண்டுகள் ரெண்டு வருஷத்தோட நிறுத்திடும். சாம்சங் பெட்டியில சார்ஜர் வராது, அதுக்குத் தனியா ஒதுக்குங்க. பேருந்து நிலையத்துல 150 ரூபாய்க்கு விக்கிறது வேண்டாம். டச் தானா ஓடுதுன்னு வர்ற புகார்ல பாதி அந்த சார்ஜரால வர்றது, சார்ஜர் கழட்டினா நின்னுடும்.

கல்லாப்பெட்டி:
கடையில வாங்கினா அங்க இருந்து கிளம்புறதுக்கு முன்னாடி இதைச் செய்யுங்க. சீல் உடைச்சதும் *#06# அடிச்சா ரெண்டு ஐ.எம்.இ.ஐ. நம்பர் (போனோட அடையாள எண்) வரும். பெட்டி, பில்லு, திரை, மூணும் ஒண்ணா இருக்கணும். பில்லுல நம்பர் இல்லைன்னா போன் தொலைஞ்சா தடுத்து நிறுத்தக் கேக்கும்போது கஷ்டம்.

அப்புறம் அங்கேயே 198க்கு (சிம் நிறுவனத்தோட புகார் எண்) ஒரு கால் போட்டு போனைக் காதுல வைங்க. திரை அணையணும், எடுத்தா எரியணும். விலை குறைஞ்ச போன் சிலதுல நிஜமான சென்சார் கிடையாது, மென்பொருளை வெச்சுச் சமாளிக்கிறாங்க. பேசும்போது கன்னம் பட்டு மியூட் ஆயிடும், "மகன் பேசுறது கேக்கல"ன்னு புகார் வரும். கண்ணாடி ஒட்டும்போதும் கவனம், மேல இருக்கிற ஸ்பீக்கர் ஓட்டையை அரை மில்லி மறைச்சாலே குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆயிடும்.

கூகுள் கணக்கை மட்டும் கடைப் பையன்கிட்ட போடச் சொல்லாதீங்க. அவசரத்துல அவன் ஏதோ பேரு, ஏதோ பாஸ்வேர்டு போட்டுக் குடுத்துடுவான். ரெண்டு வருஷம் கழிச்சு போனை ரீசெட் பண்ணினா பழைய கணக்கோட பாஸ்வேர்டு கேக்கும், அது இல்லைன்னா போன் செங்கல். வீட்டுல வெச்சு நீங்க போடுங்க, மீட்பு எண்ணா உங்க நம்பரைக் குடுங்க, பாஸ்வேர்டை ரேஷன் கார்டு இருக்கிற பையில எழுதி வைங்க.

கரிசல்காடு:
பழைய போன்ல 200 நம்பர் இருக்கு. அதை எப்படி ஏத்துறது?

மின்மினி72:
பழைய போன்ல எல்லாத்தையும் சிம்முக்கு நகலெடுத்து, அந்த சிம்மைப் புது போன்ல போட்டு, தொடர்புகள் செயலியில 'சிம்மில் இருந்து இறக்கு' குடுத்து, சேமிக்கிற இடம்னு கேக்கும்போது சாதனம்னு இல்லாம கூகுள் கணக்குன்னு தேர்ந்தெடுங்க. இதை போர்ட் முடியிறதுக்கு முன்னாடி செஞ்சாகணும், புது சிம் காலியாத்தான் வரும். பெரிய சிம் நானோ டிரேயில நுழையாதே, அதனால பெரிய சிம் ஏத்துக்கிற பழைய ஆண்ட்ராய்டு போன் யார்கிட்டயாவது இருந்தா அதுல போட்டு உங்க அப்பா கணக்குல ஏத்திடுங்க. சிம்ல சாதாரணமா 250 பேர் வரைக்கும் நிக்கும், ஆனா பேரு நீளம் குறைவு. தமிழ்ல எழுதின பேர் பாதியில வெட்டுப்படும். "மாரியப்பன் டிராக்டர்", "மாரியப்பன் உரக்கடை" ரெண்டும் "மாரியப்"னு ஆயிடும். ஒரு தாள்ல எழுதி வெச்சுட்டு ஆரம்பிங்க.

தாழம்பூ:
யு.பி.ஐ. போடும்போது: பேங்க்ல இருக்கிற நம்பரோட சிம் அந்த போன்லயே இருக்கணும், செயலி அதுல இருந்து தானா ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பும். ரெண்டு சிம் போட்டிருந்தா தப்பான சிம்ல இருந்து போய் தோல்வின்னு வரும், அதனால அந்த நேரத்துக்கு ஒரே சிம் வைங்க. ரீசார்ஜ் முடிஞ்சிருந்தா எஸ்.எம்.எஸ். போகாது. பின் அமைக்க டெபிட் கார்டோட கடைசி 6 இலக்கமும் காலாவதி மாசமும் வேணும், கார்டு இல்லைன்னா ஆதார் ஓ.டி.பி. வழி இருக்கு, ஆதார்லயும் பேங்க்லயும் ஒரே நம்பர் இருந்தா.

முதல் 24 மணி நேரம் மொத்தம் 5,000 ரூபாய்தான் போகும். அதை யாரும் கோளாறுன்னு நினைக்க வேண்டாம்.

டீக்கடை, காய்கறிக்கு யு.பி.ஐ. லைட்ல 2,000 ரூபாய் ஏத்தி வெச்சா பின் இல்லாமலே போகும், ஒரு தடவைக்கு 1,000 வரைக்கும். கூட்டத்துல பின்னை அடிச்சுக் காட்ட வேண்டியதில்லை. அதனாலேயே போனுக்குத் திரைப்பூட்டு கட்டாயம்.

குறுக்குக்கேள்வி:
இவ்வளவும் சொல்லிட்டு, அவர் பேங்க் கணக்கையே போன்ல கட்டி விடறது சரியா? வாட்ஸ்அப்ல கல்யாணப் பத்திரிகை, வாகன அபராதம்னு ஏ.பி.கே. (செயலியை நிறுவுற கோப்பு) அனுப்பிப் பணத்தை உருவுறாங்க.

தாழம்பூ:
நியாயமான பயம்தான். ஓய்வூதியம் வர்ற கணக்கைக் கட்டாதீங்க. சின்னதா ஒரு சேமிப்புக் கணக்கு வெச்சு, மாசம் 3,000 போட்டு அதை மட்டும் கட்டுங்க. இல்லைன்னா பீம் செயலியில யு.பி.ஐ. சர்க்கிள்னு இருக்கு: கணக்கு உங்களோடது, அவர் ஸ்கேன் பண்ணுவார், ஒவ்வொண்ணுக்கும் நீங்க அனுமதி குடுக்கிற மாதிரி வெச்சுக்கலாம். அனுமதியில்லாமலும் விடலாம், அப்ப மாசம் 15,000 உச்சம்.

ஏ.பி.கே.க்கு: அமைப்புகள்ல 'தெரியாத செயலிகளை நிறுவு'ன்னு தேடி, வாட்ஸ்அப், குரோம், கோப்புகள் மூணுக்கும் அனுமதி இல்லைன்னு இருக்கான்னு பாருங்க. வாட்ஸ்அப்ல தெரியாத எண் அழைப்பை அமைதியாக்கு, குழுவுல சேர்க்கிறது என் தொடர்புகள் மட்டும், இரண்டு படிச் சரிபார்ப்புக்கு ஒரு பின், படங்கள் தானா இறங்குறது நிறுத்தம். பணம் வர்றதுக்குப் பின் அடிக்கவே வேண்டாம்னு ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் பழக்குங்க. ஏமாந்துட்டா 1930, அதுவும் உடனே. போன் பின்பக்கத்துல ஒரு சீட்டுல ஒட்டி வைங்க.

கரிசல்காடு:
முடிவு: ஏர்டெலுக்கு போர்ட், முதல்ல 28 நாள் 349. போன் 128 ஜி.பி., என்.எஸ்.ஏ. உள்ள சிப். தாள்ல நம்பர் எழுத ஆரம்பிச்சாச்சு. ஒரே சந்தேகம், அப்பா கைரேகை கடையிலயே விழல, போன்ல விழுமா?

கல்லாப்பெட்டி:
கட்டைவிரலை விட்டுட்டு மோதிரவிரல், சுண்டுவிரல் பாருங்க, அது அவ்வளவா தேய்ஞ்சிருக்காது. ஒரே விரலையே ரெண்டு தடவை வேற வேற பேர்ல பதிஞ்சா இன்னும் நல்லாப் பிடிக்கும். அதுவும் ஒத்துவரலைன்னா 4 இலக்கப் பின் போதும், ஆனா பிறந்த வருஷத்தை வைக்காதீங்க. அப்படியே அணுகல்தன்மைல 'பவர் பட்டனால் அழைப்பைத் துண்டி'யை ஆன் பண்ணி விட்டுடுங்க. பட்டன் போன் பழகின கைக்கு கால் கட் பண்ண ஒரு பட்டன் வேணும்.

மின்மினி72:
அதே பவர் பட்டனை வேகமா அஞ்சு தடவை அமுக்கினா 112க்கு அவசர அழைப்பு போற மாதிரி நிறைய போன்ல வந்திருக்கும். சட்டைப் பையில இருக்கும்போதே அமுங்கும். பாதுகாப்பு, அவசரநிலைப் பகுதியில பார்த்து, சைரன் அடிச்சு எண்ணிக்கை சொல்லிட்டுப் போற மாதிரியாவது வைங்க, சத்தம் கேட்டு அவரே நிறுத்திக்குவார்.